தீநாக்கு வாளைப் பிடிக்கும் முறை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி, டைஸ் உருட்டி ஆடும் ஆட்டம். அதில் என் பாத்திரமான ஃபைட்டருக்கு, அதாவது போர்வீரனுக்கு, முதல் மந்திர வாள் ஒரு பாழடைந்த கலங்கரை விளக்கத்தில் கிடைத்தது. படிக்கட்டின் பாதியில் சுவரோடு சாய்ந்து ஒரு எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது, அதன் மடியில் வாள். "கை வெச்சா சூடா இருக்கு. இப்பத்தான் யாரோ பிடிச்சிருந்த மாதிரி," என்றார் எங்கள் டிஎம், அதாவது கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர். அடுத்த அறையிலேயே சண்டை வந்தது. ஆசையோடு அந்த வாளை உருவி வீசினேன். சாதாரண வாள் எவ்வளவு வெட்டுமோ அவ்வளவுதான் வெட்டியது.

அது ஃபிளேம் டங். எங்கள் மேசையில் தீநாக்கு என்றே பெயராகிவிட்டது. அதோடு ஏறக்குறைய இரண்டு வருடம், சனிக்கிழமை இரவுகளில் ஆடியிருக்கிறேன். மந்திர ஆயுதம் கிடைத்த பலர் அதைக் கூடுதலாக உருட்டும் இரண்டு டைஸ் என்று மட்டும் வைத்துக்கொண்டு ஆடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த வாளுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது, ஒரு வெளிச்சம் இருக்கிறது, அணைந்துபோகிற நேரம் இருக்கிறது. அது எப்போது வேலை செய்யாது என்று தெரிந்தவர் கையில்தான் அது முழுசாக வேலை செய்யும்.

நான் சொல்வது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்து. அதில் தீநாக்கு ஏதாவது ஒரு வகை வாளாகத்தான் இருக்க முடியும். 2024-ன் திருத்திய விதிகளில் கைகலப்பு ஆயுதம் எதுவாகவும் இருக்கலாம். மற்றபடி பெரும்பகுதி ஒன்றுதான். வாளைப் பற்றிய விதி எஸ்ஆர்டி 5.1 என்ற இலவசத் தொகுப்பிலேயே இருக்கிறது. புத்தகம் வாங்காமலே படித்துவிடலாம், மொத்தம் ஒரு பத்திதான். பாதியில் நிறுத்தாமல் படியுங்கள்.

முதல் இரண்டு மணி நேரம்

கலங்கரை விளக்கத்தில் வாள் ஏன் சும்மா இருந்தது? நான் அதோடு அட்டூன் ஆகவில்லை, அதாவது வாளுக்கும் எனக்கும் மந்திரப் பிணைப்பு (அட்டூன்மென்ட்) ஏற்படவில்லை. அட்டூன்மென்ட் கேட்கும் ஆயுதத்தை அது இல்லாமல் எடுத்து வீசினால் கையில் இருப்பது வெறும் இரும்பு.

இதில் இரண்டு படி. முதலில் அது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். உங்கள் மந்திரவாதிக்குப் பொருளை அடையாளம் காட்டும் ஐடென்டிஃபை மந்திரம் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் அதற்கு 100 தங்கக்காசு மதிப்புள்ள ஒரு முத்தும் ஒரு ஆந்தை இறகும் வேண்டும். எங்கள் மந்திரவாதியிடம் இறகு இருந்தது, முத்து இல்லை. பரவாயில்லை, வேறு வழி இருக்கிறது. ஒரு ஷார்ட் ரெஸ்ட், அதாவது குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு, அந்தப் பொருளைத் தொட்டபடி அதிலேயே கவனம் வைத்து உட்கார்ந்தால் அதன் குணமும் பயன்படுத்தும் முறையும் தெரிந்துவிடும்.

இரண்டாவது படி அட்டூன்மென்ட். அதற்கும் ஒரு ஷார்ட் ரெஸ்ட். இரண்டையும் ஒரே ஓய்வில் முடிக்க முடியாது, இதைத்தான் நிறைய பேர் தவறவிடுகிறார்கள். முத்து இல்லாத குழுவுக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது வந்து ஓய்வைக் கலைத்தால் அட்டூன்மென்ட் நடக்காது. நாங்கள் படிக்கட்டின் அடியில் இருந்த கதவை மேசையைத் தள்ளி அடைத்துவிட்டு உட்கார்ந்தோம். அந்த இரண்டு மணி நேரத்தில் டிஎம் மூன்று தடவை கதவுக்கு வெளியே ஏதோ உரசும் சத்தத்தைச் சொன்னார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மேசையைச் சுற்றி அவ்வளவு அமைதியாக நாங்கள் அதற்கு முன் இருந்ததே இல்லை.

ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருளோடுதான் அட்டூன் ஆக முடியும். எனக்குப் பாதுகாப்பு மோதிரம் ஒன்று, அங்கி ஒன்று, மூன்றாவது இந்த வாள். அதோடு கணக்கு தீர்ந்தது. சாதாரண +1 வாளுக்கு (குறியிலும் சேதத்திலும் ஒன்று கூட்டும் மந்திர வாள்) அட்டூன்மென்ட் தேவையில்லை என்பதால் அப்படி ஒன்று கிடைத்தால் விற்காமல் முதுகில் வைத்திருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வார்த்தை

தீநாக்கு எரிய வேண்டுமானால் அதன் கட்டளைச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அது என்ன சொல் என்று விதி சொல்வதில்லை, டிஎம் விருப்பம். எங்கள் டிஎம் என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். முதலில் 'தீ' என்றேன். அது வேண்டாம் என்று நண்பன் தடுத்தான்: "சண்டை நடுவுல நாம எல்லாரும் தீ, தீன்னுதான் கத்திட்டு இருப்போம். நீ வாளைப் பத்த வெச்சியா இல்ல சும்மா பேசினியான்னு எப்படித் தெரியும்?" நியாயமான பேச்சு. 'கனல்' என்று வைத்தேன். வேறு பேச்சில் வராத சொல், ஒரே மூச்சில் சொல்லலாம், கடைசி எழுத்தில் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் சொல்லையும் சத்தமாக நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வையுங்கள். ஆட்டம் முழுக்க அதைச் சொல்லப்போகிறவர் நீங்கள்.

வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு விலை உண்டு. எதிரி சைலன்ஸ் மந்திரத்தைப் போட்டால் 20 அடி ஆரத்துக்குள் சத்தமே எழாது, அதற்குள் நின்று வாளைப் பற்றவைக்க முடியாது. ஏற்கெனவே எரிகிற வாளை அது ஒன்றும் செய்யாது. எதிர்ப்பக்கம் மந்திரக்காரர் இருப்பது தெரிந்தால் வெளியிலேயே பற்றவைத்துவிட்டு உள்ளே போங்கள்.

ஒரு அட்டை

இது விதியில் இல்லை, எங்கள் மேசைப் பழக்கம். முதல் மாதத்தில் ஒவ்வொரு சண்டையிலும் யாராவது ஒருவர் "வாள் இப்ப எரியுதாடா, அணைஞ்சிருக்கா?" என்று கேட்பார். எனக்கே மறந்திருக்கும். அப்புறம் ஒரு அட்டையை வெட்டி, ஒரு பக்கம் கறுப்பு மையில் 'அணைந்தது', மறுபக்கம் சிவப்பு மையில் 'எரிகிறது' என்று எழுதி என் முன்னால் வைத்தேன். கறுப்புப் பக்கத்தில் 1டி8 மட்டும் (எட்டுப் பக்க டைஸ் ஒன்று; 2டி6 என்றால் ஆறு பக்க டைஸ் இரண்டு). சிவப்புப் பக்கத்தில் 1டி8, 2டி6 தீ, வெளிச்சம் 40 அடி, அதற்கு மேல் மங்கலாக இன்னொரு 40 அடி. வார்த்தையைச் சொல்லும்போது அட்டையைத் திருப்புவேன். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. தீக்கென்று இரண்டு சிவப்பு டைஸையும் தனியாக வைத்துக்கொண்டேன். வாள் வெட்டும் தீயும் வேறு வேறு வகைச் சேதம் என்பதால் கலக்காமல் எண்ணுவது பல இடத்தில் தேவைப்படும்.

எண் கணக்கு சுருக்கமாக

லாங்சோர்ட் என்ற நீள வாளை ஒரு கையில் பிடித்து, ஸ்ட்ரெங்த், அதாவது வலிமைக்கான கூட்டல், +3 என்றால், ஒரு வெட்டின் சராசரி சேதம் ஏழரை. எரியும்போது 2டி6 சேர்ந்து பதினாலரை. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது ஒரு சுற்றுக்கு (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது) ஒரு தடவை என்று நினைக்காதீர்கள், பட்ட ஒவ்வொரு வெட்டுக்கும் உண்டு. ஐந்தாம் நிலையில் ஃபைட்டருக்கு இரண்டு வெட்டு வந்ததும்தான் இந்த வாளின் அருமை தெரியும். கிரிட்டிகல் (குறிக்கு உருட்டும் இருபது பக்க டைஸில் 20) விழுந்தால் தீ டைஸும் இரட்டிக்கும், 4டி6 உருட்டலாம்.

ஆனால் குறி தவறாமல் படுவதற்கு இந்த வாள் ஒரு உதவியும் செய்யாது. +1 வாள் படும் வாய்ப்பை நூற்றுக்கு ஐந்து கூட்டும், தீநாக்கில் அதுகூடக் கிடையாது. பட்டால்தான் எரியும். அதனால் குழுவில் கிளெரிக், அதாவது தெய்வ வரத்தால் மந்திரம் போடுபவர், இருந்தால் பிளெஸ் என்ற ஆசி மந்திரம் கேளுங்கள், ஒவ்வொரு வெட்டின் குறி உருட்டலிலும் 1டி4 கூடும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் வெட்டுக்குக் கிடைக்கும் அந்த 1டி4 அந்தச் சுற்றில் நிறைய உயிர்களைக் காப்பாற்றும்.

எப்போது பற்றவைப்பது

பற்றவைக்க ஒரு போனஸ் ஆக்‌ஷன் செலவாகும். அது உங்கள் முறை வரும்போது வழக்கமான செயலுக்கு மேல் செய்யும் சிறு செயல், ஒரு முறைக்கு ஒன்றுதான் உண்டு. பார்பேரியன் என்ற முரட்டு வீரன் ரேஜ் எனும் வெறிக்குப் போவதும் போனஸ் ஆக்‌ஷன், இரண்டு கையிலும் ஆயுதம் வைத்திருப்பவரின் இரண்டாவது வெட்டும் போனஸ் ஆக்‌ஷன். அவர்கள் கையில் இந்த வாள் போனால் முதல் சுற்றில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஃபைட்டருக்கு அந்தச் சிக்கல் குறைவு.

கதவுக்கு இந்தப் பக்கமே பற்றவைத்துவிடலாமே என்று தோன்றும். நானும் முதலில் எல்லாக் கதவுக்கும் அப்படித்தான் செய்தேன். இருட்டு நிலவறையில் 80 அடி வரை தெரிகிற வெளிச்சம் கதவிடுக்கு வழியாகவும் போகும், வார்த்தையின் சத்தமும் போகும். உள்ளே இருந்த கோப்ளின்கள் இரண்டு தடவை எங்களுக்காக வில்லை நாணேற்றிக் காத்திருந்தன. அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். உள்ளே இருப்பவருக்கு நாங்கள் வருவது தெரியும் என்றால் வெளியிலேயே பற்றவைப்பது. தெரியாது என்றால் இருட்டிலேயே நுழைந்து, முதல் வெட்டுக்கு முன் சொல்வது. வாளை உருவுவது அந்த முறையில் இலவசம், வார்த்தை போனஸ் ஆக்‌ஷன், வெட்டு ஆக்‌ஷன். எல்லாம் ஒரே முறைக்குள் அடங்கும்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னொன்று. என் கேரக்டர் மனிதன், இருட்டில் கண் தெரியாது. வாள் கிடைக்கும் வரை இடது கையில் பந்தம். பந்தம் 20 அடிக்கு வெளிச்சம், அதற்கு மேல் 20 அடி மங்கல், ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். தீநாக்கு அதைப் போல இரண்டு மடங்கு, தீராது. பந்தத்தைப் போட்டுவிட்டு அந்தக் கையில் கேடயத்தை எடுத்தேன், ஏசி, அதாவது அடி படாமல் காக்கும் எண், 2 கூடியது. வாளின் விதிப் பத்தியில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் என்னை எத்தனை அடியிலிருந்து அந்தக் கேடயம் காப்பாற்றியது என்று எண்ணிப் பார்த்தால், அதையும் வாளின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அணைகிற நேரங்கள்

உறையில் போட்டால் அணையும். கையிலிருந்து விழுந்தால் அணையும். இரண்டாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. ஃபியர் மந்திரத்தில் தோற்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி, பூஜ்யமாகி மயங்கி விழுந்தாலும் பிடி விட்டுப்போகும். குழுவுக்கே அந்த வாள் ஒன்றுதான் வெளிச்சம் என்றால், நீங்கள் விழுந்த நொடியில் எல்லோரும் இருட்டில் நிற்பார்கள்.

எங்களுக்கு அது நடந்தது. ஒரு சுரங்கத்தில் நான் விழுந்தேன், நான் அட்டையைத் திருப்பினேன், டிஎம் அறை விளக்கையும் அணைத்துவிட்டார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் கிளெரிக் ஆடிய நண்பன் மேசையைத் தடவிக்கொண்டே "நான் அவன் பக்கத்துலதான் இருந்தேன், இங்கதான் இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று பிழைத்தோம். அடுத்த வாரத்திலிருந்து இன்னொருவர் எப்போதும் ஒரு பந்தத்தை எரியவிட்டே வந்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விழுந்த வாளை எதிரி எடுத்தாலும் உடனே பயமில்லை, அட்டூன் ஆகாத கையில் அது எரியாது. ஆனால் 100 அடிக்கு அப்பால் 24 மணி நேரம் போய்விட்டால் உங்கள் அட்டூன்மென்ட் முறியும். திருடு போனால் துரத்த ஒரு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எரியாதவர்கள், நன்றாக எரிகிறவர்கள்

சிவப்பு டிராகன், ஃபயர் எலிமென்டல், டெவில் இனம், இவர்களுக்குத் தீ உறைக்காது. பல டீமன்களுக்குப் பாதிதான். பாதி என்றால் சிவப்பு டைஸில் மட்டும் பாதி, வாள் வெட்டில் இல்லை. தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிய எவருக்கும் தீ பாதியாகும், அதோடு லாங்சோர்டை நீருக்குள் வீசுவதே சிரமம், நீந்தும் வேகம் இல்லாதவர் டிஸ்அட்வான்டேஜில்தான் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உருட்ட வேண்டும். இந்த மாதிரி இடங்களுக்குத்தான் முதுகில் அந்த +1 வாள்.

மம்மிக்குத் தீ இரண்டு மடங்கு. ட்ரோல் என்ற பூதத்துக்கு அதைவிட முக்கியமான கதை. ட்ரோல் தன் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 ஹிட் பாயின்ட் திரும்பப் பெறும், பூஜ்யத்தில் கிடந்தாலும் எழுந்துவிடும். தீயோ அமிலமோ பட்டிருந்தால் மட்டும் அந்த ஒரு தடவை ஆறாது. ஆக ட்ரோலைச் சாய்ப்பது யார் என்பது பெரிதில்லை. அதன் கடைசி முறைக்குப் பிறகு, அடுத்த முறை வருவதற்கு முன், தீ பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பாலத்தின் மேல் எங்கள் ரேஞ்சரின் அம்பில் ட்ரோல் விழுந்தது. ரேஞ்சர் ஆடிய தோழி கையைத் தூக்கிக் கத்தினாள். அந்தச் சுற்றில் அதுவரை அதன்மேல் தீ படவில்லை. அடுத்த முறை என்னுடையது, அதற்கடுத்தது ட்ரோல். பாலத்தின் மறுமுனையில் எதிரிகளின் தலைவன் ஓடிக்கொண்டிருந்தான், எல்லோரும் அவனைத் துரத்தச் சொன்னார்கள். நான் நின்று, விழுந்து கிடந்த ட்ரோலின் மேல் வாளை இறக்கினேன். தலைவன் தப்பிவிட்டான். ட்ரோல் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கூட்டாளி என்ன மந்திரம் போடுகிறார் என்று கேட்டுவிட்டு நகர்வதும் முக்கியம். எங்கள் மந்திரவாதி ஒரு தடவை வெப் போட்டு இரண்டு ஓகர்களைச் சிலந்தி வலையில் சிக்கவைத்திருந்தாள். அந்த வலை தீயில் பற்றிக்கொள்ளும். எரிகிற வாளோடு நான் உள்ளே நுழைந்தேன். வாளின் தீ வலையைத் தொட்டதாகத்தான் கணக்கு என்று டிஎம் தீர்ப்புச் சொன்னார். ஐந்தடி ஐந்தடியாக வலை எரிந்தது. அதற்குள் நிற்பவருக்கு 2டி4 தீ கிடைக்கும் என்றாலும், இரண்டு ஓகரும் கட்டவிழ்ந்து வெளியே வந்துவிட்டன. அவள் போட்ட இரண்டாம் நிலை மந்திரம் ஒரே சுற்றில் வீணானது என்னால்தான். அதற்குப் பிறகு வலை, எண்ணெய், காகிதம், வைக்கோல் என்று எது இருந்தாலும் நுழைவதற்கு முன் டிஎம்மிடம் "இங்கே எது பற்றும்?" என்று கேட்பேன்.

சாபம்

எல்லா மந்திர ஆயுதமும் நல்லதில்லை. பெர்ஸர்க்கர் ஆக்ஸ் என்று ஒரு கோடரி உண்டு. +1, நிலைக்கு ஒன்று வீதம் ஹிட் பாயின்டும் கூடும். அதற்குள் இருக்கும் சாபம் ஐடென்டிஃபையிலும் தெரியாது, ஓய்வெடுத்துப் பார்த்தாலும் தெரியாது. அடிபடும்போது சேவிங் த்ரோ (விளைவிலிருந்து தப்ப உருட்டும் டைஸ்) தவறினால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் வெட்ட வேண்டியதுதான். கீழே வைக்கவும் மனசு வராது. அதனால் ஒரு ஆயுதம் எங்கே, யார் பக்கத்தில் கிடந்தது என்பதைப் பாருங்கள். கோடரியின் பக்கத்தில் அதே குழுவைச் சேர்ந்த நாலு பேர் வெட்டுப்பட்டுக் கிடந்தால் அது ஒரு செய்தி. மாட்டிக்கொண்டால் ரிமூவ் கர்ஸ், மூன்றாம் நிலை மந்திரம். சாபம் கோடரியிலேயே இருக்கும், உங்களுக்கும் அதற்கும் உள்ள அட்டூன்மென்ட் முறியும். முறிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டிஎம்மாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீ வாளைக் கொடுத்துவிட்டு அடுத்த பத்து சண்டையிலும் தீ உறைக்காத எதிரிகளையே நிறுத்தாதீர்கள். கொடுத்ததைக் கையோடு பிடுங்குவது போல ஆகிவிடும். சண்டைக்கு வெளியேயும் அந்த வாளுக்கு ஒரு வேலை கொடுங்கள். எங்கள் டிஎம் ஒரு தடவை புயல் இரவில் கரை தெரியாமல் தடுமாறும் கப்பலை வைத்தார். அதே கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறி, கனல் என்று சொல்லி, விடியும் வரை வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு டைஸும் உருட்டவில்லை.

கைமாற்றுவது

வாள் வைத்திருப்பவர் இறந்தால் அட்டூன்மென்ட் அதோடு முடியும். அடுத்தவர் அதைப் பற்றிப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, குழுவுக்கே தெரிந்த வாள்தானே. அட்டூன்மென்டுக்கான ஒரு ஷார்ட் ரெஸ்ட் மட்டும் போதும். உயிரோடு இருக்கும்போதே கொடுக்க நினைத்தால் நீங்களும் ஒரு ஷார்ட் ரெஸ்டில் விட்டுக்கொடுக்கலாம்.

என் ஃபைட்டர் இறந்தது ஒரு சிவப்பு டிராகனிடம். சிவப்பு டைஸுக்கு அன்று வேலையே இல்லை. மற்றவர்கள் அவனை ஒரு குகைக்குள் இழுத்துக்கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். ரேஞ்சர் வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேர ஓய்வு என்று டிஎம் சொன்னார். வார்த்தையை மாற்றிக்கொள்ளலாமா என்று தோழி கேட்டாள். மாற்றலாம், உன் விருப்பம் என்றார். நான் அட்டையையும் இரண்டு சிவப்பு டைஸையும் மேசையில் அவள் பக்கம் நகர்த்தினேன். அட்டையின் ஓரம் இரண்டு வருடத்தில் நன்றாக மழுங்கியிருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். "கனல்" என்று சொல்லிவிட்டுத் திருப்பி வைத்தாள்.